நாலு இன்ச் முக்கோணம்

நான் டாக்டர் இல்லை. லேபில் உட்கார்ந்து பல் செட் கட்டுகிறவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் இருந்த ஆர்டிகுலேட்டர், அதாவது தாடை அசைவைப் போலச் செய்யும் கருவி, வெறும் கீல்தான். கதவு மாதிரி திறக்கும், மூடும். அதில் நான் அடுக்கிய முதல் செட், வாயை மூடினால் கச்சிதம். போட்டுக்கொண்ட ஆச்சி வலப்பக்கம் ஒரு தேங்காய்ச் சில்லைக் கடித்தார், இடப்பக்கம் எழும்பிவிட்டது. சொந்தப் பல்லுக்கு எலும்பில் வேர் உண்டு. செட் ஈர ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதுதானே.

இந்தத் தொல்லையை அளந்து பார்த்தவர்களில் முன்னோடி, அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் பான்வில். தாடையின் இரு மூட்டுகளையும் கீழ் முன்பல் நடுவையும் கோடு போட்டு இணைத்தால் பக்கத்துக்கு 4 இன்ச் சமபக்க முக்கோணம் வரும் என்றார். 1858இல் அதை வைத்தே கருவியும் செய்தார். எல்லோர் தாடையும் ஒரே அளவா என்றால் இல்லைதான். ஆனாலும் இன்றைக்கு என் மேசையில் இருக்கும் மூணு பாயிண்ட் கருவிக்குள் இருப்பது அந்த முக்கோணமே.

பான்வில் கருவியில் தாடை தட்டையாக நகரும். நிஜத்தில் அப்படி இல்லை என்று 1905இல் காட்டியவர் டென்மார்க்கின் கிறிஸ்டென்சன். பல்லுக்குப் பதில் மெழுகு ரிம்களை வாயில் வைத்து, கீழ்த்தாடையை முன்னே தள்ளச் சொன்னால், பின்பக்கம் ஆப்பு வடிவில் இடைவெளி திறக்கும். மூட்டு சரிவில் இறங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த இடைவெளியை மெழுகில் பிடித்துக் கருவியின் சரிவையும் அமைத்தார். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான். ஒரு துண்டு மெழுகு!

சூரிச்சில் பல் மருத்துவர் கீசி, மூட்டின் 33 டிகிரிச் சரிவுக்கு ஏற்ற பல் வடித்தார். பிறகு, பல் மருத்துவரே அல்லாத ருடால்ஃப் ஹனாவ், பஃபலோ நகர இன்ஜினியர், ஒரு பக்கம் கடிக்கும்போது மறுபக்கப் பல்லும் தொட்டுச் செட்டைத் தாங்குவதற்கான கணக்கை 1926இல் எழுதினார். அதில் முக்கியமானவை ஐந்து. மூட்டின் சரிவு நோயாளி கொண்டுவருவது. முன்பல் சரிவு, கடிதளம், பல்வரிசையின் வளைவு, பல்முகட்டின் உயரம் நம் கையில்.

கவளம் உள்ளே போனபின் மறுபக்கப் பல் எங்கே தொடும் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வெறும் வாயோடு எச்சில் விழுங்குகிறோமே, அப்போது பல்லோடு பல் படுமே. அதனால் பல் படும் இடத்தில் கறை விடும் நீலத்தாளை வைத்துத் தேய்க்கிறோம், தாடை வலப்பக்கம் போகும்போது இடப்பக்கமும் ஒரு பொட்டு விழும்வரை. ஆச்சிக்கு அது இரண்டாவது செட்டில்தான் விழுந்தது.