அடிக்கிற கைதான் அணைக்கும்!

இந்தப் பழமொழியையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்கள். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணைந்த பகுதி இது. குலசேகரத்தில் இன்று மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அந்தக் காலத்திலோ, இந்த வட்டாரத்தில் அடிமுறை சொல்லித்தந்த ஆசானேதான் வைத்தியரும்! உடம்பில் வர்மங்கள் 108. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது அவர்கள் கணக்கு. எங்கே தட்டினால் ஆள் சாய்வான் என்று கற்றவன், சாய்ந்தவனை எழுப்பும் இளக்குமுறையையும் கற்றாக வேண்டும். சீடனுக்குக் கால் பிசகினால் எண்ணெய் போட்டுக் கட்டுக் கட்டுவதும் ஆசான்தான்.

அப்படியே அமெரிக்காவுக்கு வாருங்கள். 1978-ல் டாக்டர் கேப் மிர்கின் ஒரு சூத்திரம் தந்தார்... ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை! உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார்!

அப்போ என்னதான் செய்வது? வலி அடங்க, ஐஸைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைக்கலாம். புதுச் சுளுக்கை அழுத்தி உருவாதீர்கள். காலை ஊன்றவே முடியவில்லையா? டாக்டரிடம் ஓடுங்கள். எலும்பு முறியவில்லை என்றால், ஓரிரு நாளில் வலி தாங்கும் அளவுக்கு அசைக்கத் தொடங்குங்கள். ஆட்டத்துக்கு முன் உடம்பைத் தயார்படுத்துவது இன்னும் முக்கியம். நார்வேயில் கால்பந்து ஆடும் சிறுமிகளிடம் 20 நிமிடப் பயிற்சியைச் சோதித்தார்கள். காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008-ல் முடிவு வெளியானது.

ஆட்டம் சொல்லித் தருபவர்தான் காயத்துக்கும் பொறுப்பு. ஆசான் வழி அது. உங்கள் பிள்ளையின் கோச்சைக் கேட்டுப்பாருங்கள்... “அடிபட்டா, எப்போ சார் திரும்ப ஆட விடுவீங்க?”