பட்டறையில் கற்றதற்கு யார் மதிப்பெண் இடுவது?

அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906இல் 27 பொறியியல் மாணவர்களுடன் ஹெர்மன் ஷ்னைடர் ஒரு புதிய படிப்பைத் தொடங்கினார். மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்க்கப்பட்டனர். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் பட்டறையில் நிற்பார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். ஒருங்கிணைப்பாளர்கள் பட்டறைகளுக்கு நேரில் சென்று, அங்கே கண்டதை வகுப்புப் பாடத்தோடு சேர்த்து விளக்கினர். தொழிற்பயிற்சியை மதிப்பிடும் வரலாற்றை இந்த ஒருங்கிணைப்பாளரிடமிருந்து தொடங்குவதே சரியென்று கருதுகிறேன். பட்டறையில் நடப்பதைக் கல்லூரியின் சார்பில் கண்ணால் பார்த்தவர் அவர்.

பத்தாண்டுகளில், 1916இல், எம்.ஐ.டி. இன்னும் ஓரடி முன்னே போனது. அதன் வேதிப் பொறியியல் பயிற்சிப் பள்ளி ஆலைகளுக்குள்ளேயே நிலையங்களை அமைத்து, அங்கே ஆசிரியர்களையும் அமர்த்தியது.

பிரிட்டன் வேறு வழியில் நடந்தது. 1955இல், ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ஹைவ்ஸ் பிரபு தலைமையில் தொழில்நுட்ப விருதுகளுக்கான தேசிய மன்றம் அமைந்தது. அது வழங்கிய தொழில்நுட்பப் பட்டயம் பெரும்பாலும் ‘சாண்ட்விச்’ முறையில், கல்லூரியில் சில மாதமும் ஆலையில் சில மாதமுமாகப் படித்துப் பெறுவது. தொழிற்பயிற்சி படிப்பின் பிரிக்க முடியாத பகுதி என்பதைத் தேசிய அளவிலான ஓர் அமைப்பு விதியாக்கியது பெரிய காரியம். ஆனால் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று விதிப்பது வேறு, அதில் என்ன தேறியது என்று அளப்பது வேறு.

இந்த வேறுபாடு இந்தியாவில் ஒரே ஆண்டில் வெளிப்பட்டது. 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் அதன் வரம்புக்குள் வந்தனர். படிப்பு முடிந்தபின் ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகை, முடிவில் சான்றிதழ் என்பது அதன் ஏற்பாடு. தென் மாநிலங்களில் அதை நடத்தும் பயிற்சி வாரியம் சென்னையில் இருக்கிறது. அதே 1973இல், எம்.ஐ.டி.யின் முன்மாதிரியை ஒட்டி, பிலானியின் பிட்ஸ் நிறுவனம் ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ முறையைத் தொடங்கியது. இங்கே பயிற்சி பட்டத்துக்கு உள்ளேயே வந்தது. முதல் கட்டம் ஏறத்தாழ இரண்டு மாதம். இரண்டாம் கட்டம் ஐந்தரை மாதம். ஆலையில் செய்யும் வேலையோடு நாட்குறிப்பு, கருத்தரங்கு, குழு விவாதம், வாய்மொழித் தேர்வு, அறிக்கை ஆகியவையும் மதிப்பீட்டில் சேர்ந்தன. மதிப்பிடும் ஆசிரியரும் பயிற்சி நடக்கும் இடத்தோடு பிணைக்கப்பட்டார்.

நாட்குறிப்பைத்தான் இவற்றில் முதன்மையானதாக நினைக்கிறேன். ஒரு மாணவரின் பொறுப்புணர்வு இறுதி அறிக்கையில் தெரியாது. முதல் வாரம் தவறாக எடுத்த அளவீட்டை மூன்றாம் வாரம் தானே கண்டுபிடித்துத் திருத்தி மேற்பார்வையாளரிடம் சொன்னாரா என்பதில் தெரியும். அது தேதியிட்ட குறிப்பில் மட்டுமே தங்கும்.

‘தொழில்முறைத் திறன்’ என்ற கருத்துக்குத் தெளிவான வடிவம் பின்னரே கிடைத்தது. அமெரிக்கத் தர அங்கீகார அமைப்பான ஏபெட் 1996இல் ஏற்ற புதிய விதிகள் பட்டதாரியிடம் 11 விளைவுகளை எதிர்பார்த்தன. கூட்டாகப் பணிசெய்தல், கருத்தை எடுத்துரைத்தல், தொழில் அறம், வாழ்நாள் கற்றல் முதலியவை அவற்றில் இடம்பெற்றன. இவற்றைக் கற்பிக்க முடியுமா, மதிப்பிட முடியுமா என்று லேரி ஷூமனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டனர். 2014இல் இந்தியா, பொறியியல் படிப்புகளின் தர அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. இத்தகைய விளைவுகளுக்குச் சான்று காட்டும் பொறுப்பு நம் கல்லூரிகளுக்கும் வந்தது.

ஆனால் ‘இன்பிளான்ட் டிரெய்னிங்’ என்ற பெயரில் சில நாட்கள் ஆலையைச் சுற்றிப்பார்த்து, சான்றிதழ் பெற்று, அறிக்கையைக் கட்டி ஒப்படைக்கும் பழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. மாணவரின் வேலையைப் பார்த்தவர் மதிப்பெண் இடுவதில்லை. மதிப்பெண் இடுபவர் வேலையைப் பார்த்ததில்லை. இது மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி. உண்மையாக உழைத்தவரும் கையெழுத்து மட்டும் வாங்கி வந்தவரும் ஒரே மதிப்பெண் பெற்றுவிட முடிகிறது.

2023இல் வந்த தேசிய மதிப்பளவு (கிரெடிட்) சட்டகம் ஆண்டுக்கு 1200 கற்றல் நேரத்தை 40 மதிப்பளவுகளாகக் கணக்கிடுகிறது. பணியிட அனுபவத்தையும் மதிப்பீட்டுக்கு உட்பட்டு ஏற்கிறது. நேரத்தைக் கூட்டுவது எளிது. மதிப்பீட்டுக்கு ஆள் வேண்டும். கோவையில் பம்பும் மோட்டாரும் செய்யும் ஆலைகள் பல பொறியியல் கல்லூரிகளிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில்தான் உள்ளன. வாரத்தில் ஒரு நாள் ஆசிரியர் அங்கே போய், நாட்குறிப்பைப் புரட்டி, மேற்பார்வையாளரோடும் மாணவரோடும் ஒரே மேசையில் உட்கார அந்தத் தூரம் தடையில்லை. அந்த நாளை ஆசிரியரின் பாடவேளைக் கணக்கில் சேர்ப்பதுதான் கல்லூரிகள் எடுக்க வேண்டிய முதல் முடிவு.