ஜோதா அக்பரும் கண்டியின் திருநீறும்

‘ஜோதா அக்பர்’ (2008) படத்தைத் திரும்பப் பார்த்தோம். கல்யாணத்துக்கு முதல் ஜோதா வைக்கும் நிபந்தனைகள் இரண்டு: மதம் மாறமாட்டேன், கோட்டைக்குள்ள கிருஷ்ணருக்குக் கோவில் வேணும். அக்பர் சம்மதிப்பார். ரஹ்மான் இசை வேற, உருகாமல் என்ன செய்யிறது! ஆனால் அக்பர் 1562இல் ஆம்பர் இளவரசியை மணந்தது உண்மை என்றாலும், ‘அக்பர்நாமா’வில் ஜோதா என்ற பெயரே இல்லை.

எங்கட நாட்டில இதுக்குக் கிட்டடியான கதை கண்டியில நடந்தது. பட்டத்தரசி சத்திரிய குலத்தவளாக இருக்கவேணும் என்று சிங்கள அரசர்கள் மதுரை நாயக்கர் வழியில் பெண் எடுத்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் இறந்தபோது, சிங்களப் பெண்ணொருத்திக்குப் பிறந்த மகன் இருந்தும், முடி அரசியின் சகோதரனுக்குப் போனது. படத்தில மருமகளின் சாமிதான் பிரச்சினை. இங்கே மருமகள் வீட்டாரே அரசராகிவிட்டார்கள்.

1747இல் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் சைவக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் பௌத்தத்துக்கு அவன் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. உபசம்பதை பெற்ற பிக்குகளே நாட்டில் இல்லாமல் போயிருந்த காலம் அது. ஒல்லாந்தர் கப்பலில் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, 1753இல் அதை மீட்டான். இன்றைய சியாம் நிக்காய அந்த வழி வந்ததுதான். தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்த கண்டிப் பெரஹராவில் புத்தரின் தந்ததாது சேர்ந்ததும் அவன் காலத்தில்தான்.

எல்லாம் செய்தான், திருநீறு பூசுவதை மட்டும் விடவில்லை. 1760இல் பிரதானிகளும் பிக்குகளும் சிலர் சேர்ந்து, அவனைக் கொன்றுவிட்டு சியாமிய இளவரசன் ஒருவனை முடிசூட்டத் திட்டமிட்டார்கள். பண கேட்க வருபவன் இருக்கும் ஆசனத்தின் கீழே குழி தோண்டுவதாம். சதியில் அகப்பட்டவர்களில் சரணங்கர சங்கராஜரும் ஒருவர். சியாம் பிக்குகளைக் கொண்டுவரும் முயற்சிக்கு உயிராக இருந்தவரே அவர்தான்! பிரதானி சமனக்கொடிக்கு மரண தண்டனை. சங்கராஜருக்குச் சிறை, பிறகு மன்னிப்பு. விகாரைகளுக்கான கொடைகளை அரசன் நிறுத்தவுமில்லை.

எங்களுக்கு உறுத்துவது அந்த மதுரைப் பெண்கள். தம்பிமார் வரலாற்றில் அரசர்களாக நிற்கிறார்கள், கடல் தாண்டி வந்த அக்காமார் வெறும் ‘அரசியின் சகோதரன்’ என்ற சொல்லுக்குள்ள ஒடுங்கிப்போனார்கள். படம் எடுக்கிறதென்றால் இவர்களைப் பற்றித்தான் எடுக்கவேணும். கடைசிக் காட்சிக்குக் கண்டிக்குப் போகவும் தேவையில்லை. 1815 உடன்படிக்கை நாயக்க வம்சத்தின் உரிமையை ஒழித்தது. அடுத்த வருசம், ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனையும் அவன் அரசிகளையும் வெள்ளைக்காரன் வேலூருக்குக் கப்பலேற்றியது எங்கட கொழும்பிலிருந்துதான்.