எலிமினேஷன் டயட்டில் கடலைக்கு என்ன வேலை?

போன மாசம் ஒரு ராத்திரி என் ரூம்மேட் கையில ஒரு தாளோட வந்து நின்னான். ரெண்டு வருஷமா அவனுக்கு சப்பாத்தி, சிக்கன் மாதிரி எது சாப்பிட்டாலும் நெஞ்சுலயே நின்னுடும். தண்ணி குடிச்சுத் தள்ளணும். கடைசியில எண்டோஸ்கோப்பி பண்ணி, உணவுக்குழாய்ல ஈஸினோஃபில்ங்கற வெள்ளையணுக்கள் வந்து குவிஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. நோயோட பேரு ஈஸினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் (வாய் சுளுக்கிக்கிட்டா நான் பொறுப்பில்லை). இனிமே அதை ஈஓஈன்னே சொல்றேன்.

தாள்ல நிறுத்த வேண்டிய ஆறு வகை உணவு: பால், கோதுமை, முட்டை, சோயா, மீன்-இறால் வகை, வேர்க்கடலை-நட்ஸ் வகை.

"மச்சி, பால் இல்லாமக்கூட இருந்துடுவேன். ராத்திரி வேலை பாக்கும்போது கொறிக்க கடலை இல்லாம எப்படிடா?"

நியாயமான கேள்வி. கடலை அந்தப் பட்டியலுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு.

எலிமினேஷன் டயட் புது ஃபேஷன் இல்லை மக்களே. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் இருந்த ஆல்பர்ட் ரோ என்ற மருத்துவர் 1920களிலேயே இதைச் செய்தவர். தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனை எல்லா உணவு ஒவ்வாமையையும் காட்டிக் கொடுப்பதில்லை என்பது அவருடைய அனுபவம். அதனால் வேறு வழியில் போனார். அரிசி, ஆட்டுக்குட்டிக் கறி, சில காய்கள், பழங்கள் என்று தொந்தரவு தராத சில உணவுகளை மட்டும் கொடுத்து, உடம்பு தேறியதும் மற்றதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார். 1931லும் 1941லும் இது பற்றிப் புத்தகங்கள் எழுதினார்.

நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு இது உடனே புரியும். ப்ரோக்ராம் ஏன் விழுதுன்னு தெரியலைன்னா பாதி கோடை கமெண்ட் பண்ணிடுவோம், அப்புறம் ஒவ்வொரு வரியா திறந்து பார்ப்போம். எல்லாத்தையும் கமெண்ட் பண்ணி வெச்சுட்டு "பக் போயிடுச்சு"ன்னு வீட்டுக்குப் போனா மேனேஜர் சும்மா விடுவாரா? :-)

ஈஓஈக்கு வருவோம். 1995ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் பத்து குழந்தைகளுக்கு வழக்கமான சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அமினோ அமிலக் கரைசலை ஆதாரமாகக் கொடுத்தார்கள். எட்டுப் பேருக்குத் தொந்தரவு முழுசாகப் போனது, மீதி இரண்டு பேருக்குக் குறைந்தது. அதுவரை அமிலம் மேலே ஏறுவதால் வரும் வியாதி என்று நினைத்திருந்தார்கள். குற்றவாளி சாப்பாட்டிலேயே இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் எந்தக் குழந்தை வருஷக்கணக்கில் கரைசலைக் குடித்துக்கொண்டு இருக்கும்?

2006ல் சிகாகோவில் அமீர் ககல்வாலாவின் குழு கொஞ்சம் மனிதாபிமானமான வழியைச் சொன்னது. அமெரிக்காவில் அதிகமாக அலர்ஜி தரும் ஆறு வகை உணவை மட்டும் நிறுத்தலாம் என்றார்கள். 35 குழந்தைகளில் 74 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. கரைசல் குடித்த குழந்தைகளில் 88 சதவீதம். பெரிய வெற்றிதான்.

கடலை உள்ளே வந்தது இங்கேதான். எப்படி வந்தது என்று கவனியுங்கள். ஈஓஈயைக் கடலைதான் தூண்டுகிறது என்று யாரும் பிடித்துக் காட்டவில்லை. சாப்பிட்ட உடனே உதடு வீங்கி மூச்சு முட்டும் அந்த இன்னொரு அலர்ஜியில் அது பிரபலமான ஆசாமி. அந்தப் பேரை வைத்து இங்கேயும் சந்தேகப் பட்டியலில் போட்டார்கள்.

அப்புறம் திறந்து பார்க்கும் வேலை நடந்தது. 2011ல் அதே சிகாகோ குழு, குணமான 36 குழந்தைகளுக்கு உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தது. நோயைத் திரும்ப வரவழைத்தது பால் 74 சதவீதம், கோதுமை 26, முட்டை 17, சோயா 10, வேர்க்கடலை 6. 2012ல் நிர்மலா கோன்சால்வ்ஸ் குழு பெரியவர்களிடம் பார்த்தபோது கோதுமை 60, பால் 50, நட்ஸ் 10. 2014ல் ஸ்பெயின் மருத்துவர்கள் பால், கோதுமை, முட்டை, பயறு வகை என்று நாலாகக் குறைத்துவிட்டார்கள். முந்திரி, பாதாம் எல்லாம் வெளியே. வேர்க்கடலை தப்பவில்லை, ஏன்னா அது நட்டே இல்லை, அவரை, துவரை குடும்பம்! 2023ல் அமெரிக்காவில் 129 பெரியவர்களை வைத்து ஒரு சோதனை வெளியானது. பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதம் பேருக்கும், ஆறையும் நிறுத்தியவர்களில் 40 சதவீதம் பேருக்கும் ஆறு வாரத்தில் குணம். புள்ளியியல் கணக்குப்படி இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது.

இது வெறும் நாக்கு ருசிப் பிரச்சனை இல்லை. பட்டியலில் ஒரு உணவு கூடினால், அதைத் திரும்பச் சேர்த்துப் பார்க்க இன்னும் பல வாரம், இன்னொரு எண்டோஸ்கோப்பி, இன்னொரு பில். பாதிப் பேர் நடுவிலேயே அலுத்துப்போய் பட்டியலைக் காலத்துக்கும் மாட்டிக்கொண்டு திரிவார்கள்.

காரணமில்லாமல் விலக்குவது சில சமயம் கெடுதலாகவும் முடியும். 2000ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்றது. 2008ல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015ல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு வந்தது. கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு 5 வயதில் கடலை அலர்ஜி, சின்னதிலேயே சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான். அது வேற நோய், வேற கணக்கு, ஒத்துக்கறேன். ஆனா "நிறுத்தினா நஷ்டம் ஒண்ணுமில்லையே"ன்னு சொல்றவங்களுக்கு இது நல்ல பதில்.

இதையெல்லாம் அச்செடுத்துக் கொடுத்தேன். நண்பன் டாக்டர்கிட்ட போய் கேட்டான். அவரும் கோச்சுக்காம, "சரி, முதல்ல பால் மட்டும்"னு சொல்லிட்டார். ஆறு வாரம் கழிச்சு மறுபடி எண்டோஸ்கோப்பி. பயத்தோடதான் இருக்கான், ஆனா பக்கத்துல கடலை டப்பா இருக்கு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். கடலை பட்டு உதடு வீங்கறது, மூச்சு திணறறது உள்ளவங்க வீட்டில் சாப்பிட்டு சோதனை பண்ணவே கூடாது. ரொம்ப நாள் நிறுத்தினதைத் திரும்ப ஆரம்பிக்கறவங்களும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் தொடணும்.

உங்க வீட்டில் யாராவது இப்படி ஒரு பட்டியலோட வாழறாங்களா? எந்த வருஷம் நிறுத்தினீங்க, ஒண்ணையாவது திரும்பச் சேர்த்துப் பார்த்தீங்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்க.