ஜெனீவா நிலவறையில் ஒரு பெட்டி

1977இல் ஜெனீவாவின் வில்சன் மாளிகை நிலவறையில் ஒரு பெட்டி அகப்பட்டது. உள்ளே நாட்குறிப்புகள், கடிதக் கட்டுகள். உளப்பகுப்பாய்வின் நிறுவனர் ஃபிராய்டின் கையெழுத்தும் உளவியலாளர் கார்ல் யுங்கின் கையெழுத்தும் அதில் இருந்தன. உரியவர் உளப்பகுப்பாய்வாளர் சபீனா ஷ்பீல்ரைன். 1923இல் ரஷ்யாவுக்குத் திரும்பியபோது விட்டுச்சென்றவை.

ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரத்து வணிகரின் மகள் அவர். 1904இல், பதினெட்டு வயதில், சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்தார். அங்கே அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் யுங். ஏழே ஆண்டில் அதே நகரில் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டார்!

1912இல் வெளியான கட்டுரையில், படைப்புக்குள்ளேயே அழிவு ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டார். இதை ஒட்டிய மரண உந்துதல், அதாவது அழிவை நோக்கிய உள்ளுந்துதல், பற்றி ஃபிராய்டு எழுதியது 1920இல். அதில் சபீனாவுக்குக் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பு. குழந்தை உளவியலாளர் பியாஜேயை அவர் உளப்பகுப்பாய்வு செய்ததும் பலருக்குத் தெரியாது.

1980இல் இத்தாலியில் உளப்பகுப்பாய்வாளர் கரோதெனூதோ ஜெனீவா பெட்டியின் தாள்களை நூலாக்கினார். யுங்குடனான காதல் உறவே பேச்சானது. சினிமாவும் அதையே பிடித்துக்கொண்டது. ஆய்வாளரைக் காதலியாகச் சுருக்கியது அநியாயம்தான்.

குடும்பக் கடிதங்களோ வேறு கதை சொல்கின்றன: மகளை விடாமல் விசாரிக்கும் தாய், பணம் அனுப்பும் தந்தை, படித்து முன்னேறிய சகோதரர்கள். அந்த மூன்று சகோதரர்களையும் ஸ்டாலின் ஆட்சி கொன்றது. 1942 ஆகஸ்டில் ரஸ்தோவின் ஸ்மியேவ்ஸ்கயா பள்ளத்தாக்கில் நாஜிகள் சபீனாவையும் இரு மகள்களையும் சுட்டுக்கொன்றனர். அப்போது அந்தத் தாள்கள் ஜெனீவாவில்தான் இருந்தன.