அரைப்பங்குப் புலமை: கல்லூரி வானொலியும் சீனாபுரத்து முனிவரும்

அருள்மிகு பத்ரகாளியம்மன் திருவருளால் வெளிவரும் இம்மலருக்குக் கல்லூரி மாணவர் வானொலியின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழு அன்பர்கள் பணித்தார்கள். இலக்கணம் பயிற்றுவித்தே காலம் கழித்தவனுக்கு ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டேன். "நீங்கள் எதை எழுதினாலும் நன்னூலில்தானே ஐயா கொண்டுபோய் நிறுத்துவீர்கள், இதையும் நிறுத்துங்கள்" என்றார் குழுவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர். கேலிதான் என்றாலும் கட்டளையாகவே ஏற்றுக்கொண்டேன். ஊர்ச் சிறப்பு, திருக்கோயில் சிறப்பு, குருநாதசாமி ஆடித் தேர், குதிரைச் சந்தை ஆகியவற்றை அந்தியூர் மக்களுக்கு நான் எடுத்துச் சொல்வது முறையாகாது. நேரே பொருளுக்கு வருகிறேன்.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்பது கொங்கு நாட்டுப் புலவர் மரபு. விசயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர் கொங்கு மண்டல சதகத்தில் அவரை நம்மவராகவே வைத்துப் பாடியிருக்கிறார். மைசூர்ப் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்லி வாதிடுவோரும் உண்டு. அவர்களுக்கு இங்கே மறுமொழி எழுதினால் மலரின் பக்கங்கள் போதா. சீயகங்கன் கேட்க முனிவர் செய்த அந்நூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறைமை பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கருத்தாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குப் புலமைதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்குப் பிழையில்லாமல் விரித்துரைக்கும்போதே வந்து சேரும். வகுப்பறையில் கால், விடுதித் திண்ணையில் கால் என்று பொழுதைச் செலவழித்துப் பாதிப் புலமையோடு பட்டம் வாங்கிப் போகும் பிள்ளைகளையே நாம் ஆண்டுதோறும் அனுப்பி வைக்கிறோம். அந்த அரைப்பங்கைத் தேடிக்கொள்ள இக்காலத்தில் அமைந்த இடம் மாணவர் வானொலி என்பது என் துணிபு.

திருவள்ளுவரின் வைப்பு முறையையும் பாருங்கள். கல்வி நாற்பதாம் அதிகாரம், கல்லாமை நாற்பத்தொன்று, அதன் பின் கேள்வி. எழுத்தறியாதவனும் கேட்டாவது அறிந்துகொள்ளட்டும் என்று அந்த அதிகாரத்தில் வழி திறந்து விடுகிறார். செவிக்கு உணவு கிடைக்காத நேரத்தில் வயிற்றுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்பார் அவர். இப்போது நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. தொல்காப்பியர் பிறப்பியலில் உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடத்தில் பட்டு எழுத்தாகும் வகையைச் சொல்கிறார். ஒலிவாங்கி முன் அமரும் பிள்ளைக்கு முதல் பாடம் அதுவே. பகரத்தை இதழ் வெடிக்கச் சொன்னால் மைக்கில் 'பொத்'தென்று விழும் என்பதை இன்றைய ஒலிப்பதிவாளர்கள் கண்டுபிடித்ததாக எண்ணுகிறார்கள். இதழ் இயைந்து பகரம் பிறக்கும் என்று தொல்காப்பியர் அன்றே எழுதி வைத்துவிட்டார்.

வரலாறு

தமிழகத்தில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கம் அன்று. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 31இல் ஒலிபரப்பும் தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் அது நின்றுபோக, கருவிகள் சென்னை மாநகராட்சிக்குப் போயின. மாநகராட்சி 1930 முதல் நடத்தியது. அகில இந்திய வானொலி சென்னைக்கு 1938இலும் திருச்சிக்கு 1939இலும் வந்தது.

அந்தியூராருக்கு இதைவிட நெருக்கமான கதை மைசூரில் இருக்கிறது. பர்கூர் மலை ஏறி இறங்கிக் கொள்ளேகால் வழியாகப் போனால் மைசூர். அங்கே மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி, 1935 செப்டம்பர் 10ஆம் நாள் தம் வீட்டிலேயே 30 வாட் ஒலிபரப்பி ஒன்றை வைத்து நிலையம் தொடங்கினார். இன்று ஒரு வீட்டு விளக்குக்குச் செலவாகும் மின்சாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்குதான் அது. பின்னாளில் மைசூர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 'ஆகாசவாணி' என்று அந்த வீட்டு நிலையத்துக்கு வழங்கிய பெயரே பிற்காலத்தில் நாடு முழுவதற்கும் ஆயிற்று. கல்லூரி ஆசிரியர் ஒருவர் கைப்பணம் போட்டுச் செய்த காரியம் இது. அடுத்த ஆண்டு, 1936இல், அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் ஜார்ஜ் ஏபிரகாம், டேவிட் போர்ஸ்ட் இருவரும் விடுதிக் கட்டடங்களுக்குள் கம்பி இழுத்துத் தங்களுக்கென ஒரு வானொலி நடத்தினார்கள். மாணவர் தாமே நடத்தும் நிலையங்களுக்கு அது முன்னோடி. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் சட்டம் திறக்க இன்னும் நெடுங்காலம் ஆனது. திறந்து வைத்த பெருமை கிரிக்கெட்டைச் சேரும் என்றால் சிரிப்பீர்கள். வங்காளக் கிரிக்கெட் சங்கம் தான் நடத்திய போட்டியை யார் ஒளிபரப்புவது என்று தொடுத்த வழக்கில், 1995 பிப்ரவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. பி.பி. சாவந்த், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோருடன் அந்த அமர்வில் இருந்தவர் தமிழகத்து நீதியரசர் எஸ். மோகன் என்பதை நம்மவர் பலர் அறியார். ஐம்பூதங்களுள் ஆகாயத்துக்குரிய குணம் ஓசை என்று சைவ நூல்கள் சொல்லும். அப்பர் பெருமான் திருவையாற்றில் இறைவனையே ஓசையாகவும் ஒலியாகவும் கண்டு பாடினார். இறைவன் வடிவான ஒன்றை எவரும் தனியுடைமை ஆக்க முடியாது என்பதை நீதிமன்றம் வேறு சொற்களில் சொன்னதாகவே நான் கொள்வேன்.

2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு வானொலி உரிமம் வழங்க நடுவண் அரசு முடிவு செய்தது. 2004 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில், ஆர். ஸ்ரீதர் இயக்குநராக இருந்த கல்விப் பல்லூடக ஆராய்ச்சி மையத்திலிருந்து, 90.4 மெகாஹெர்ட்சில் அண்ணா எஃப்.எம். பேசத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாக வானொலி தமிழ் பேசிற்று என்பது நமக்கெல்லாம் பெருமை. அடுத்து எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரி மாணவியர் சென்னையில் 107.8இல் ஒலிபரப்பினர். 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைத்தது. அதன் பயனைப் பாம்பனில் மீனவர்களுக்கென 2016இல் எழுந்த 'கடல் ஓசை'யில் காணலாம். கொங்கு நாட்டில் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியும் சமுதாய வானொலி கண்டன. பெருந்துறை நிலையம் சீனாபுரத்துக்குப் பக்கத்திலேயே அமைந்ததை நான் தற்செயல் என்று ஒதுக்க மாட்டேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலிபரப்புத் திறன் 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டருக்குள், எட்டும் தூரம் ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர். பாதி நிகழ்ச்சிகளாவது உள்ளூரிலேயே தயாரானவையாக இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. மலை குறுக்கிட்டால் இந்த அலை தாண்டாது. ஆகவே பெருந்துறையின் குரல் பர்கூர் மலையிலுள்ள தாமரைக்கரைக்குக் கேட்காது.

மாணவர் கையில் ஒலிநாடா

இவ்வளவு வரலாறும் ஒரு பக்கம் இருக்க, கொங்கு நாட்டில் உரிமமும் கோபுரமும் இல்லாமலே ஒரு மாணவர் செய்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். பிரெண்டா பெக் என்னும் பெண்மணி ஆக்ஸ்போர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். 1965இல் உடுக்கடிப் பாடகர்கள் அண்ணன்மார் சுவாமி கதையைப் பாடப் பாட, இரவெல்லாம் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிந்தார். பொன்னரும் சங்கரும் தங்காளும் நம் வீட்டுத் தெய்வங்கள். அவர்கள் கதையை நாம் கேட்டோம், அழுதோம், காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டோம். பதிந்து வைத்தவர் கடல் கடந்து வந்த ஒரு மாணவி. அந்த நாடாவிலிருந்தும் பின்னர் கதை அச்சேறியது.

இதற்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்துக் கல்லூரி நிலையம் ஒன்றுக்கு உரையாற்ற அழைத்திருந்தார்கள். பஞ்சு ஒட்டிய சுவர், மூடிய சன்னல். பதிவு தொடங்கியதும் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். அது ஓடினால் 'உய்' என்று பின்னால் கேட்குமாம். வேர்வை வழியப் பேசி முடித்தேன். வெளியே வந்தால், மாணவர் இருவர் கணினியில் திரைப்பாட்டை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுதும் அதுதான் போகும் என்றார்கள். மூன்றாவதாக ஒரு பெண் மட்டும் காதில் ஹெட்போனோடு எதையோ வெட்டிக்கொண்டிருந்தாள். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் தன் பாட்டி கொடி கட்டுவது பற்றிப் பேசிய பதிவு அது. நடுநடுவே பாட்டி இருமுவதை எடுத்துக்கொண்டிருந்தாள். "இருமல் இருக்கட்டும் சாமி, எடுத்தா அது உங்க பாட்டி பேசற மாதிரி இருக்காது" என்றேன். கொஞ்சம் யோசித்தவள், "முகப்புல ஒண்ணை மட்டும் எடுத்துடறனுங்கய்யா" என்றாள். அந்த அறையில் அரைப்பங்குப் புலமை அவளிடம்தான் இருந்தது.

சுந்தரமூர்த்தி நாயனார் அவிநாசித் தெருவில் நடந்து போகையில், ஒரு வீட்டில் மங்கல ஓசையும் எதிர்வீட்டில் அழுகை ஓசையும் கேட்டதாகச் சேக்கிழார் பெருமான் பாடுகிறார். நாயனார் நின்றார், என்னவென்று விசாரித்தார். ஒன்றாக நீராடப் போன இரு சிறுவரில் ஒருவனை முதலை கொண்டதும், பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம் என்பதும் தெரிந்தது. அதன் பிறகே பதிகம் எழுந்தது, பிள்ளையும் மீண்டான். பாடியதை எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முன் அவர் நின்று கேட்டதை யாரும் சொல்வதில்லை. மங்கல ஓசை வீட்டுக்கு மட்டும் போய்ப் பாட்டுப் போட ஆயிரம் வானொலிகள் உள்ளன. எதிர்வீட்டு வாசலில் நிற்க ஒன்றாவது வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, உரிமம் வரும்வரை காத்திருக்காதீர்கள். கைப்பேசியிலேயே பதிவு நடக்கும். ஆடித் திருவிழாவுக்குக் குதிரை கொண்டுவரும் வியாபாரிகளிடம் சுழி பார்க்கும் முறையைக் கேளுங்கள். மண்ணால் உருவம் செய்பவர்களையும், தேர்வடம் பிடிக்கும் முதியவர்களையும், திங்கட்கிழமைச் சந்தையில் தரகு பேசுபவர்களையும் விட்டுவிடாதீர்கள். பர்கூர் மலையில் செம்மறை மாடுகளைப் பட்டி போட்டு மேய்க்கும் லிங்காயத்துப் பெரியவர்கள் பேசுவது கன்னடம். சோளகர் பாட்டு வேறொரு மொழிநடை. அவற்றை அறிந்த பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கி வந்து நம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பதிவுக் குழுவில் முதலிடம் அவர்களுக்குத் தாருங்கள். பதிந்தவற்றைப் பெயர், ஊர், நாள் குறித்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு படியும் பாடியவர் வீட்டில் ஒரு படியும் வையுங்கள். தேர்வு முடிந்து மே மாதம் வந்தால் நிலையங்கள் பாட்டுப் பெட்டியாகிவிடுகின்றன. அந்த விடுமுறைக்கு மட்டுமாவது உள்ளூர்ப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டால் நல்லது. தமிழ் வாசிப்பில் ஒற்றுப் பிழை திருத்த ஆள் வேண்டுமென்றால், என் வீடு உங்களுக்குத் தெரியும்.