திங்கள் மோலிக்கு, வியாழன் ஜாக்கிக்கு: சூசன்னா வெஸ்லி பங்கு போட்ட நேரம்

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி இருவரின் அம்மா சூசன்னா. அவரைப் பற்றி ஒரு கதை ரொம்பப் பிரபலம். ஜெபம் பண்ணத் தனி அறை கிடைக்காததால் ஏப்ரனைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். அப்போது பிள்ளைகள் யாரும் கிட்டே வரக்கூடாதாம். இருக்கட்டும். அந்தக் கதையைவிட அவர் கைப்பட எழுதிய கடிதங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. "எனக்கு நேரமே இல்லை" என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்த ஒரு பெண், இருந்த நேரத்தை எப்படிப் பங்கு போட்டார் என்று அவற்றில் விவரமாகப் பார்க்க முடிகிறது.

முதலில் வீட்டு நிலவரம். 1669-ல் லண்டனில் பிறந்தவர். 1688-ல் சாமுவேல் வெஸ்லி என்ற குருவானவரோடு கல்யாணம். கணவருக்கு வேலை லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற சின்ன ஊரில். 19 பிள்ளைகள் பெற்றார். பிழைத்து வளர்ந்தது 10 பேர். கடனோ தீராத கடன். 1705-ல் சாமுவேலைக் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டார்கள்.

இந்த வீட்டில்தான் பள்ளிக்கூடம் நடந்தது. காலை 9 முதல் 12 வரை, மதியம் 2 முதல் 5 வரை, ஆக 6 மணி நேரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 வயது முடிந்ததும் எழுத்து சொல்லிக் கொடுப்பார். அதற்கு ஒதுக்கியது ஒரே நாள். அந்த ஒரு நாளுக்கு அவர் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள்: முந்தைய நாளே வீட்டை ஒழுங்குபடுத்தி, யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். பாட நேரத்தில் அந்த அறைக்குள் யாரும் நுழையக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. மோலி, நான்சி என்ற இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்ததாம். எழுத்து தெரிந்தவுடன் ஆதியாகமம் முதல் அதிகாரம். அரிச்சுவடிக்கு அடுத்த பாடப்புத்தகம் அதுதான்.

இன்னொரு விதியும் உண்டு. நன்றாக வாசிக்கத் தெரிகிறவரை எந்தப் பெண்பிள்ளைக்கும் தையல் வேலை கற்றுக் கொடுக்கக்கூடாது. ஊசியை முதலில் கையில் கொடுத்தால் புத்தகம் கைக்கு வரவே வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது சின்ன முடிவு இல்லை.

1709 பிப்ரவரியில் வீடு எரிந்துபோனது. 5 வயது ஜானை மாடி ஜன்னல் வழியாகக் கடைசி நேரத்தில் காப்பாற்றினார்கள். வீடு திரும்பக் கட்டும்வரை பிள்ளைகள் வேறு வேறு வீடுகளில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது பழைய ஒழுங்கெல்லாம் போயிருந்தது. சூசன்னா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சாயங்காலம் 5 மணிக்கு மூத்த பிள்ளை கடைக்குட்டியையும், அடுத்தது அதற்கு அடுத்ததையும் கூட்டிக்கொண்டு போய் அன்றைய சங்கீதமும் ஒரு வேதாகம அதிகாரமும் வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்யாமல், பிள்ளைகள் கையிலேயே பிள்ளைகளை ஒப்படைத்த ஏற்பாடு இது.

இதற்கு அடுத்துதான் நம்ம ஊர் வருகிறது. 1711 கடைசியில் சாமுவேல் சபை மாநாட்டுக்காக லண்டன் போயிருந்தார். மூத்த மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தாள். டேனிஷ் மிஷனரிகளைப் பற்றிய வரலாறு. டென்மார்க் ராஜா அனுப்பி 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், புளுட்சோ இருவரின் கதைதான். சீகன்பால்க் அங்கே சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்து பழகிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்கள் 1709-ல் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சாகி எப்வொர்த் வரை போய்விட்டன. எமிலி வாசிக்க, சூசன்னா கேட்டார். பல நாள் வேறு நினைப்பே ஓடவில்லை என்று கணவருக்கு எழுதுகிறார்.

தரங்கம்பாடிக்கு அவரால் போக முடியாது. சரி, என் பிள்ளைகளிடமிருந்தே ஆரம்பிக்கிறேன் என்று முடிவு செய்தார். 1712 பிப்ரவரி 6-ஆம் தேதிக் கடிதத்தில் அட்டவணை இருக்கிறது: திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பாட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும் சேர்ந்து. தினமும் ராத்திரி ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச்சு. ஜாக்கி என்பது ஜான். அப்போது அவனுக்கு 8 வயது. சார்லஸுக்கு 4.

அதே குளிர்காலத்தில் ஞாயிறு மாலைகளில் தன் வீட்டாருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது, அக்கம்பக்கத்தார் வந்து சேர்ந்து 200 பேருக்கு மேல் ஆகிவிட்டது. உதவிக் குரு புகார் எழுதினார், கணவர் நிறுத்தச் சொன்னார். விருப்பமாக எழுத வேண்டாம், நிறுத்தத்தான் வேண்டுமென்றால் கட்டளையாகவே போடுங்கள் என்று சூசன்னா பதில் எழுதினார்.

இதைப் படித்துவிட்டு "நம்மால் முடியாதா?" என்று கிளம்பும் தாய்மாருக்கு ரெண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, வறுமையிலும் அந்த வீட்டில் வேலைக்காரர்கள் இருந்தார்கள். இரண்டு, அந்த ஒழுங்கில் பிரம்புக்கும் இடம் இருந்தது. ஒரு வயதுக் குழந்தைகூடச் சத்தமில்லாமல் அழப் பழக்கப்படுத்தப்பட்டது. அதை இன்று யாரும் பின்பற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அதுதான் என்னை உறுத்துவது. அட்டவணையில் செவ்வாய்க்கிழமை வாங்கிய ஹெட்டி நல்ல கவிஞர். காதல் விஷயத்தில் தவறிப்போனதாக அப்பா மன்னிக்கவே இல்லை. 1725-ல் பொருந்தாத ஒருவருக்குக் கட்டி வைத்தார்கள், வாழ்க்கை கசந்துபோனது. அதே வீட்டில், அதே அம்மாவிடம் படித்த ஜானுக்கும் சார்லஸுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கதவு திறந்தது. பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுக்க அம்மாவால் முடிந்தது. படித்த பெண்ணுக்கு ஊரில் ஓர் இடம் உண்டாக்க முடியவில்லை.

தன் முறைகளை எழுதித் தரும்படி ஜான் வற்புறுத்திக் கேட்டதால் 1732-ல் சூசன்னா நீளமாக எழுதினார். ஆனால் தயக்கத்தோடுதான். வாழ்க்கையின் நல்ல பருவத்தில் 20 வருஷத்துக்கு மேல் இதற்கே கொடுத்துவிட எத்தனை பேர் வருவார்கள் என்று அவரே கேட்கிறார். அதனால் 6 மணி நேரப் பள்ளியை அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்பது என் எண்ணம். முந்தைய நாளே வேலையைப் பிரித்து வைப்பது, பெரியவர்களிடம் சின்னவர்களை ஒப்படைப்பது, வாரத்தில் ஒரு மாலை ஒரு பிள்ளைக்கு, இந்த மூன்றும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

முக்கியமாகக் கடைசியில் சொன்னது. அதே 1732-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வாத்தியாராக இருந்த ஜான், 28 வயதில், அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் பழைய வியாழக்கிழமை மாலையைத்தான் திரும்பக் கேட்டார்: அந்த நேரத்தில் கொஞ்சம் எனக்காக இப்போதும் ஒதுக்க முடியுமா என்று. ஒரே நாளில் எழுத்து படித்ததைப் பற்றி அந்த இடத்தில் அவர் பேசவில்லை.